விந்தகத்தில் மட்டும் இயங்கும் மரபணு என்றால் பிள்ளைப்பேறுக்கு அது கட்டாயமா? (டெக்ஸ்11 குறித்து)

தெம்பனிஸ்_21 | 4 மார்ச், இரவு 10.12

ஒரு மரபணு உடம்பில் வேறெங்கும் இயங்காமல் விந்தகத்தில் மட்டும் இயங்குகிறது என்றால், அது கெட்டுப்போனால் ஆணுக்குப் பிள்ளை பிறக்காது. இதுதான் என் வாதம். வேறு வேலை இல்லையென்றால் அது ஏன் அங்கே மட்டும் இருக்கவேண்டும்? ஆண்களின் விந்தணு இன்மையோடு சேர்த்துப் பேசப்படும் டெக்ஸ்11 மரபணுவின் கதையும் அப்படித்தானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்லறை | 4 மார்ச், இரவு 11.05

வாதம் நிற்காது தம்பி. உடம்பிலுள்ள உறுப்புகளில் மிக அதிகமான மரபணுக்களைப் படியெடுப்பது விந்தகம்தான். புரதம் தரும் மரபணுக்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அங்கே ஏதாவது ஒரு கட்டத்தில் ஆர்.என்.ஏ.வாக (மரபணுவின் வேலைப்பிரதியாக) எட்டிப்பார்க்கும். விந்தகத்தில் மட்டும் தூக்கலாகத் தெரியும் மரபணுக்களே ஆயிரத்துக்கு மேல் உண்டு. ஆர்.என்.ஏ. தெரிகிறது என்பதால் புரதம் உண்டாகிறது என்று சொல்ல முடியாது. புரதம் உண்டானாலும் அது இல்லாமல் விந்தணு உருவாகாது என்று சொல்ல முடியாது.

2016இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் பேய்லர் மருத்துவக் கல்லூரியினரும் சேர்ந்து, எலிக்கும் மனிதனுக்கும் பொதுவான, விந்தகத்தில் தூக்கலாக இயங்கும் 54 மரபணுக்களை எலிகளில் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து முடிவை வெளியிட்டார்கள். 54 வகை ஆண் எலிகளுக்கும் குட்டிகள் பிறந்தன. உங்கள் கேள்விக்கு அதுவே பதில்.

டெக்ஸ்11 வேறு ரகம். அதன் சான்று எங்கே அது இயங்குகிறது என்பதிலிருந்து வரவில்லை. நாளை எழுதுகிறேன்.

எலிக்கூடம் | 5 மார்ச், காலை 7.50

மேலே அக்கா சொன்னது சரி, ஒன்றைச் சேர்க்கவேண்டும். 54 எலிகளுக்கும் குட்டி பிறந்ததால் 54 மரபணுக்களும் சும்மா இருக்கின்றன என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூண்டில் ஓர் ஆணுக்குப் போட்டியே கிடையாது. விந்தணு பாதியாகக் குறைந்தாலும் எலிக்குக் குட்டி பிறக்கும். ஒரே குடும்பத்து இன்னொரு மரபணு அந்த வேலையை ஏற்றுக்கொள்வதும் உண்டு.

சோதனையை ஒழுங்காகச் செய்வது இப்படி: 8 வாரம் தாண்டிய ஆண், அதனோடு சாதாரணப் பெண் எலிகள் இரண்டு, குறைந்தது இரண்டு மாதம். தினமும் காலையில் யோனி அடைப்பு (இனச்சேர்க்கைக்குப் பின் விந்து உறைந்து நிற்கும் கட்டி) இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடைப்பே இல்லை என்றால் சிக்கல் இனச்சேர்க்கையில், விந்தணுவில் இல்லை. பலர் இதைப் பார்க்காமல் "மலடு" என்று எழுதிவிடுகிறார்கள். அடைப்பு இருந்தும் குட்டி இல்லையென்றால்தான் அடுத்த படி: விந்தகத்தின் எடை, விந்துநாளச் சுருளின் வால்பகுதியில் விந்தணு எண்ணிக்கை, திசு வெட்டு. வளர்ந்த எலியின் ஒரு விந்தகம் ஏறக்குறைய 100 மில்லிகிராம். ஒடுக்கற்பிரிவு (குரோமோசோம்களைப் பாதியாக்கி விந்தணுவை உண்டாக்கும் செல்பிரிவு) நடுவில் நின்றுபோனால் மூன்றில் ஒரு பங்காக இளைத்துவிடும். தராசே பாதி கதையைச் சொல்லும்.

இன்னொரு பொறி. கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் இரண்டொரு எழுத்தை மட்டும் வெட்டிவிட்டு மரபணுவை அழித்துவிட்டோம் என்று நம்பவேண்டாம். செல் அந்த எக்ஸானை (புரதத்துக்கான செய்தி உள்ள மரபணுத் துண்டை) தாண்டிப்போய்க் குட்டையான, ஆனால் வேலை செய்யும் புரதத்தை உண்டாக்கிவிடும். இரண்டு வழிகாட்டி ஆர்.என்.ஏ. வைத்து, புரதம் எழுதும் பகுதியை முழுதாக எடுத்துவிடுவது நல்லது.

செல்லறை | 5 மார்ச், இரவு 9.30

டெக்ஸ்11. எக்ஸ் குரோமோசோமின் நீள்கரத்தில் இருக்கிறது. ஈஸ்ட்டில் ஜிப்4 என்று ஒரு புரதம் உண்டு, அதன் உறவு இது. ஒடுக்கற்பிரிவில் தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் பக்கத்தில் வந்து, பல்லோடு பல்லாக இணைந்து, துண்டுகளை மாற்றிக்கொள்ளவேண்டும். டெக்ஸ்11 அந்த இணைப்பிலும் மாற்றத்திலும் நிற்கிறது. இணைப்புச் சட்டத்தின் எஸ்.ஒய்.சி.பி.2 என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

2008இல் இந்த மரபணு இல்லாத எலிகளைப் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் செல்கள் செத்தன. இணையாத குரோமோசோம்கள் இருந்த செல்கள், ஜோடிகள் முழுதாக இணைந்து நிற்கவேண்டிய பாக்கிடீன் கட்டத்தில் கழிக்கப்பட்டன. அதைத் தாண்டியவற்றில் துண்டு மாற்றம் போதாமல், குரோமோசோம்கள் பிரியும் முதல் அனாஃபேஸில் கழிக்கப்பட்டன. ஒரே மரபணு, இரண்டு தடை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மாற்றமாவது கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் ஜோடி பிரியும்போது தறிகெட்டுப் போகும். எலியின் ஆண் செல்லில் இப்படிப்பட்ட மாற்றப் புள்ளிகள் 23 வாக்கில், மனித ஆணில் 50 வாக்கில் இருக்கும். எம்.எல்.எச்.1 புரதத்தைச் சாயமிட்டு எண்ணுவார்கள்.

2015இல் மனிதர்களில் வந்தது. விந்தில் விந்தணுவே இல்லாத 289 ஆண்களின் டெக்ஸ்11ஐப் படித்ததில் 7 பேரிடம் பிழை இருந்தது, 2.4 விழுக்காடு. அதில் இருவருக்கு மூன்று எக்ஸான்கள் ஒட்டுமொத்தமாக இல்லை. விந்தணு சாதாரணமாக இருந்த 384 பேரில் ஒருவரிடமும் இல்லை. எலியில் பார்த்ததும் நோயாளியின் விந்தகத் திசுவில் பார்த்ததும் ஒத்துப்போயின. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சான்று.

தெம்பனிஸ்_21 | 5 மார்ச், இரவு 9.48

15 விழுக்காடு என்று வேறெங்கோ படித்தேன் அக்கா.

செல்லறை | 5 மார்ச், இரவு 10.20

இரண்டும் ஒரே ஆய்வில் வருபவை, கீழ்த்தொகை வேறு. திசு வெட்டில் ஒடுக்கற்பிரிவு நின்றுபோனதாக உறுதியான 33 பேரில் 5 பேர், அது 15 விழுக்காடு. விந்தணு இல்லாத எல்லா ஆண்களிலும் 15 என்று சொன்னால் தப்பு. "விந்தணு இல்லை" என்பது ஒரு நோய் அல்ல, பல காரணங்கள் வந்து சேரும் ஒரே வாசல். திசுவைப் பார்த்து வகை பிரித்தபின்தான் மரபணு எண் பொருள் தருகிறது.

இந்த இழையில் ஆண்மலடு, மலடு என்ற சொற்களைத் தவிர்ப்போம். திசு அறிக்கையில் வருவது செல்லின் நிலை. அது ஆளுக்குக் கொடுக்கும் பட்டம் இல்லை.

எலிக்கூடம் | 5 மார்ச், இரவு 10.41

மலடு என்று மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தேன், இருந்தாலும் சரி.

செல்லறை | 7 மார்ச், மாலை 6.15

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டது: "பெற்றோர் சொந்தத்தில் கட்டினார்கள், அதனாலா?" நம் ஆட்கள் எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் வரும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

டெக்ஸ்11க்கு இல்லை. மகனுக்கு ஒரே ஒரு எக்ஸ், அது அம்மாவிடமிருந்து மட்டும் வருகிறது. அப்பா யார், அம்மாவுக்கு முறைப்பையனா, அந்நியரா என்பது இந்தக் கணக்கில் நுழையவே நுழையாது. அம்மாவுக்கு இரண்டு எக்ஸ், ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது சமாளிக்கும். அவரும் பிள்ளைகள் பெற்றிருப்பார், அதனால்தான் பிழை தலைமுறை தாண்டி வருகிறது. மகன்களில் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

ஆகவே குடும்பத்தில் விசாரிக்கவேண்டியது தாய்மாமனை. அடுத்து பெரியம்மா மகன், சின்னம்மா மகன். அவர்களில் யாருக்காவது கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லையா? சித்தப்பா, பெரியப்பா, அத்தை மகன் பக்கம் தேடிப் பயனில்லை. உறவுமுறைகளை நம் மொழி பிரித்து வைத்திருப்பது வம்சவரைபடம் போட வசதி. "அங்கிள்" என்று மட்டும் எழுதிவிட்டு வந்தால் மரபியல் ஆலோசகர் இன்னொருமுறை கேட்கவேண்டி வரும்.

சொந்தத்தில் கட்டியது முக்கியமாவது வேறு மரபணுக்களுக்கு. அம்மாவிடமிருந்து ஒரு கெட்ட பிரதி, அப்பாவிடமிருந்து அதே கெட்ட பிரதி, இரண்டும் சேர்ந்தால்தான் வரும் வகை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

தெம்பனிஸ்_21 | 7 மார்ச், இரவு 8.02

அப்படியானால் பிழை உள்ள ஆணுக்குச் சிகிச்சையில் பிள்ளை பிறந்தால்?

செல்லறை | 7 மார்ச், இரவு 8.30

மகன்களுக்குப் போகாது. மகனுக்கு அப்பா தருவது ஒய். மகள்கள் எல்லோருக்கும் போகும், அவர்கள் நலமாக இருப்பார்கள், பேரன்களுக்கு மறுபடி பாதிக்குப் பாதி. விந்தணு உற்பத்திக்கு வேண்டிய, ஒய் குரோமோசோமின் ஏ.இசட்.எஃப்.சி. பகுதி இல்லாதவர்களுக்கு நேரெதிர்: பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அது போகும், மகளுக்குப் போகாது. ஒரே அறிகுறி, இரண்டு குரோமோசோம், இரண்டு விதமான ஆலோசனை. அதனால்தான் காரணத்தைத் தேடுவது வீண்வேலை இல்லை.

எலிக்கூடம் | 8 மார்ச், காலை 8.10

எக்ஸில் இருப்பதால் ஒரு முடிச்சு இருக்கிறதே. பாக்கிடீனில் எக்ஸும் ஒய்யும் தனியாக ஒரு பொட்டலமாக மூடப்பட்டு அடங்கிவிடும். அப்போது எக்ஸ் மரபணு எதுவும் படியெடுக்கப்படாது. டெக்ஸ்11 எப்படி வேலை செய்யும்?

செல்லறை | 8 மார்ச், இரவு 10.55

மூடுவதற்கு முன்பே புரதத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. எலியில், பாக்கிடீனுக்கு முந்தைய சைகோடீன் கட்டத்தில்தான் அது உச்சம். குரோமோசோம்கள் இணைந்த இடங்களில் புள்ளி புள்ளியாக உட்கார்ந்திருக்கும்.

*சேர்ப்பு, 9 மார்ச்:* இதை எழுதியபின் மறுபடி யோசித்தேன். 2015 ஆய்வில் மனிதத் திசுவில் போட்ட சாயம், பிந்தைய விந்தணுத் தாய்செல்களிலும் வட்ட, நீள் விந்தணு முன்செல்களிலும், அதுவும் சைட்டோபிளாசத்தில் தெரிந்தது. எலியின் புள்ளிகளுக்கும் இதற்கும் பொருத்தம் இல்லை. புரதம் நீண்டநாள் தங்கலாம், ஒடுக்கற்பிரிவு முடிந்தபின் எக்ஸ் மரபணுக்கள் சில திரும்ப விழிப்பதும் உண்டு. ஆனாலும் "மனிதனிலும் சைகோடீனில்தான்" என்று என் மேல்குறிப்பை யாரும் நீட்டிக்கவேண்டாம். அது எலிக்கு மட்டும். எதிர்ப்பொருள் சாயத்தை நம்ப ஒரே வழி, அந்தப் புரதம் இல்லாத திசுவில் அதே சாயம் எதையும் காட்டக்கூடாது. பிழை உள்ள நோயாளிகளின் திசுவில் சாயம் ஏறவில்லை என்பதுதான் அந்த ஆய்வுக்குத் தெம்பு.

எலிக்கூடம் | 9 மார்ச், மதியம் 1.20

செல் பரப்பு போடுகிறவர்களுக்கு (செல்களைக் கண்ணாடித் தட்டில் விரித்துக் குரோமோசோம்களைப் பார்ப்பவர்களுக்கு), சைகோடீனா பாக்கிடீனா என்று பிரிக்க, இணைப்புச் சட்டத்தின் எஸ்.ஒய்.சி.பி.3 புரதத்துக்கான சாயம் போதும். கூடவே டி.என்.ஏ. உடைப்பைக் காட்டும் காமா-எச்2ஏஎக்ஸ் சாயமும் போடுங்கள். நல்ல பாக்கிடீன் செல்லில் அது எக்ஸ்-ஒய் பொட்டலத்தின்மேல் மட்டும் ஒரு திட்டாக நிற்கும். மற்றக் குரோமோசோம்களிலும் மேகம்போல் மிஞ்சியிருந்தால், உடைப்புகள் ஆறவில்லை அல்லது இணைப்பு நடக்கவில்லை.

கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் பரப்புவதில். 1 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடின் பி.எச். 9.2 இருக்கவேண்டும், அன்றன்று கலக்கவேண்டும். பி.எச். இறங்கினால் செல்லின் உட்கருக்கள் விரியாமல் உருண்டையாக நிற்கும். தட்டை ஈரப்பெட்டியில் மூடி இரண்டு மணி நேரம் வைத்து, பிறகு மூடியைச் சற்றே திறந்து மெல்லக் காயவிடவேண்டும். ஆய்வகக் குளிர்சாதனத்தின் காற்று நேராக அடிக்கும் மேசையில் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து, நடுவிலும் ஓரத்திலும் வேறுவேறு படம் வரும். வெளியே புழுக்கமாக இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம், உள்ளே காற்று வறண்டது.

செல்லறை | 11 மார்ச், இரவு 9.05

மருத்துவப் பக்கத்துக்கு வருவோம். ஒடுக்கற்பிரிவு நின்றுபோனவர்கள் ஒரு இடத்தில் தவறாக வகைப்படுத்தப்படுகிறார்கள்.

வழக்கமான விதி: எஃப்.எஸ்.எச். (விந்தகத்தைத் தூண்டும் ஹார்மோன், உற்பத்தி கெட்டால் வழக்கமாக ஏறும்) 7.6க்குக் கீழே, விந்தகத்தின் நீளம் 4.6 சென்டிமீட்டருக்கு மேலே என்றால் குழாய் அடைப்பு, உற்பத்தி சரி. பெரும்பாலானோருக்கு இந்த விதி பொருந்தும். டெக்ஸ்11 வகைக்கு ஏமாற்றும். ஒடுக்கற்பிரிவு நடுவில் நின்ற விந்தகத்தில் விந்தணுத் தாய்செல்கள் நிறைய இருக்கும், அவற்றை ஊட்டி வளர்க்கும் செர்டோலி செல்களும் நலம். ஆகவே எஃப்.எஸ்.எச். ஏறாது, மனித விந்தகம் எலியைப்போல் கண்ணுக்குத் தெரிய இளைப்பதும் இல்லை. தாளில் அடைப்புபோலவே இருக்கும். குழாய் அடைப்பு என்று நம்பி ஊசியால் எடுக்கப்போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்புவது இப்படித்தான்.

பிரித்தறிய விந்தின் அளவும் உதவும். அளவு 1.4 மில்லிலிட்டருக்குக் கீழே, பி.எச். 7.2க்குக் கீழே, ஃபிரக்டோஸ் இல்லை என்றால் விந்துக்குழாய் பிறவியிலேயே இல்லாமலிருக்கலாம், சி.எஃப்.டி.ஆர். மரபணுவைப் பார்க்கவேண்டும். அளவும் பி.எச்.சும் இயல்பு, ஆனால் விந்தணு இல்லை என்றால் உற்பத்திக் கோளாறை ஒதுக்கிவிடக்கூடாது.

"இல்லை" என்பதையும் ஒரே மாதிரியை வைத்துச் சொல்லக்கூடாது. மாதிரியை 3000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றி, அடியில் படிவதை முழுவதும் தேடவேண்டும். வேறொரு நாள் இன்னொரு மாதிரி. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு எடுத்தது, வழுக்கு களிம்போ சாதாரண ஆணுறையோ படாதது. வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேப் போய்ச்சேரவேண்டும், பையில் அல்ல, சட்டைக்குள் உடம்புச் சூட்டில். எம்.ஆர்.டி. ரயிலின் குளிரில் பையில் கிடந்த மாதிரி அசைவைக் குறைத்துக் காட்டும்.

ஜிம்முக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர்கள் அதை முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெளியிலிருந்து வரும் ஹார்மோன் மூளையின் எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டையும் அடக்கும், விந்தணு பூஜ்யத்துக்கே இறங்கலாம். ஒரு விந்தணு உருவாக 74 நாள் வாக்கில் ஆகும் என்பதால் நிறுத்திய மறுவாரமே திரும்பாது, பல மாதம் ஆகலாம். மரபணுச் சோதனைக்குக் காசு செலவழிப்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி இது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பல வீடுகளில் இன்றும் மருமகளைத்தான் முதலில் ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள். விந்துச் சோதனை மலிவு, வலியில்லை, ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். இருவரும் ஒரே நாளில் தொடங்கவேண்டும்.

எலிக்கூடம் | 12 மார்ச், காலை 7.40

திசு எடுக்கும்போது ஃபார்மலினில் போடச் சொல்லாதீர்கள், விந்தணு உருவாகும் குழல்கள் சுருங்கிக் கட்டம் பிரிக்க முடியாமல் போகும். பவுயின் திரவம் வேண்டும். ஆனால் பவுயின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும், அந்தத் துண்டிலேயே மரபணுவும் பார்க்கலாம் என்று எண்ணவேண்டாம். டி.என்.ஏ.வுக்கு இரத்தம் போதும்.

செல்லறை | 14 மார்ச், இரவு 10.30

பி.சி.ஆர். (பிரைமர் என்ற சிறு துண்டுகளை ஒட்டவைத்து டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பெருக்கி, பட்டையாகப் பார்க்கும் சோதனை) செய்கிறவர்களுக்கான பொறிகள்.

ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் எக்ஸான் இல்லையென்றால் பட்டையே வராது. "பி.சி.ஆர். ஓடவில்லை" என்று தூக்கிப்போட்டுவிட வாய்ப்பு அதிகம். ஆகவே ஒவ்வொரு குழாயிலும் வேறு குரோமோசோமின் கட்டுப்பாட்டுத் துண்டு ஒன்று கட்டாயம் ஓடவேண்டும். அது வந்து எக்ஸான் வரவில்லை என்றால், வேறு பிரைமரால் திரும்பச் செய்து, பிறகு உடைந்த இரு முனைகளும் ஒட்டிய சந்திப்பின் குறுக்கே பி.சி.ஆர். போட்டு உறுதிசெய்யவேண்டும். பிரைமர் ஒட்டுமிடத்தில் ஓரெழுத்து மாற்றம் இருந்தாலும் பட்டை காணாமல்போகும்.

ஒய் குரோமோசோமுக்கும் இதே ஒழுங்கு. பார்க்கவேண்டிய அடையாள இடங்கள்: ஏ.இசட்.எஃப்.ஏ.க்கு எஸ்.ஒய்.84, 86, பி.க்கு 127, 134, சி.க்கு 254, 255. கூடவே எஸ்.ஆர்.ஒய்., இசட்.எஃப்.ஒய். கட்டுப்பாடு, ஒரு பெண்ணின் டி.என்.ஏ., ஒரு வெற்றுக் குழாய். குரோமோசோம் எண்ணிக்கையும் இதுவும் முடிந்தபின்தான் டெக்ஸ்11 வரிசைக்கு வரும். முழு ஏ அல்லது முழு பி இல்லையென்றால் அறுவையில் விந்தணு கிடைக்கும் என்று நம்புவதற்கில்லை. சி மட்டும் இல்லையென்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கிறது.

ஓரெழுத்து மாற்றம்தான் கஷ்டம். புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அதனால்தானா? பொதுத் தரவுத்தளத்தில் அரிது என்பது போதாது. நம் ஆட்களின் மரபணுத் தொகுப்புகள் அங்கே குறைவாக இருந்தால் சாதாரண மாற்றமும் அரிதாகத் தெரியும். இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு: 2019இல் வெளியான எஸ்.ஜி.10கே என்ற மரபணுத் தொகுப்புத் திட்டத்தின் முதல் தொகுப்பில் சிங்கப்பூரின் 4,810 பேரில் 1,127 பேர் இந்தியர்கள். அதில் ஆண்களிடம் அந்த மாற்றம் எத்தனை முறை வருகிறது என்று பார்க்கவேண்டும், பெண்களையும் சேர்த்த மொத்த எண்ணை அல்ல. அப்படிப் பார்த்தாலும் அந்த ஆண்களுக்குப் பிள்ளை உண்டா என்பது தரவில் எழுதியிருக்காது. பிள்ளை உள்ள தாய்மாமனிடம் அதே மாற்றம் இருந்தால், அந்த ஒரு சான்று நூறு கணினிக் கணிப்பைவிடப் பலமானது.

தெம்பனிஸ்_21 | 14 மார்ச், இரவு 11.02

காரணம் தெரிந்து என்ன செய்யப்போகிறோம்? டெக்ஸ்11க்கு மருந்து இல்லையே.

செல்லறை | 15 மார்ச், மாலை 5.45

மருந்து இல்லை. ஆனால் முடிவு மாறும். 7ஆம் தேதி தள்ளிவைத்ததை இங்கே சொல்கிறேன்.

டி.பி.ஒய்.19எல்2: இந்த மரபணுவும் விந்தகத்தில் தூக்கலாக இயங்குவது, இரு பிரதியும் கெட்டால்தான் வரும் வகை, சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் கூடுதலாகத் தெரிவது. விந்தணு எண்ணிக்கை இருக்கும், ஆனால் தலை உருண்டை, முட்டைக்குள் நுழைய உதவும் தொப்பியான அக்ரோசோம் இல்லை. இக்சி முறையில் விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தினாலும் முட்டை விழிக்காது, ஏனென்றால் விழிக்கவைக்கும் பி.எல்.சி. சீட்டா புரதமும் குறைந்திருக்கும். கால்சியம் அயனோஃபோர் கொண்டு முட்டையைச் செயற்கையாக விழிக்கச்செய்தால் பலன் உண்டு. காரணம் தெரியாமல் வெறும் இக்சியைத் திரும்பத் திரும்பச் செய்தால் முட்டைகள்தான் வீணாகும். வீணாவது மனைவியின் உடம்பிலிருந்து எடுத்த முட்டைகள்.

ஏ.யு.ஆர்.கே.சி.: இந்த மரபணு கெட்டால் விந்தணுவின் தலை பெரிது, வால்கள் பல. அந்த விந்தணுக்களில் குரோமோசோம் தொகுதி பிரியாமல் நான்கு மடங்காக இருக்கும். இதற்கு இக்சியே செய்யக்கூடாது. இந்த இரு வகை நோயாளிகளும் நுண்ணோக்கியில் "வடிவம் சரியில்லை" என்ற ஒரே வரியில் வருவார்கள், ஒருவருக்கு வழி உண்டு, ஒருவருக்குத் தன் விந்தணுவால் இல்லை.

டெக்ஸ்11: மைக்ரோ-டெசே அறுவையில் விந்தகத்தைத் திறந்து, 15 முதல் 25 மடங்கு பெருக்கத்தில், பருத்து வெளுத்த குழல்களைத் தேடி எடுப்பார்கள். ஒடுக்கற்பிரிவு எல்லா இடத்திலும் ஒரேபோல் நின்ற விந்தகத்தில் குழல்கள் எல்லாம் ஒரே பருமனில் இருக்கும், கண்ணால் பிரிக்க ஒன்றுமிருக்காது. மரபணுவை முழுதாக அழிக்கும் பிழை என்று முன்பே தெரிந்தால், வாய்ப்பு மிகக் குறைவு என்பதை அறுவைக்கு முன்னால் சொல்லிவிடலாம். மனைவிக்கு முட்டை வளர்க்கும் ஊசிகளை அதே வாரத்தில் தொடங்கிவிடாமல், முதலில் அறுவை, கிடைத்தால் உறையவைத்துப் பிறகு மற்றது என்று வரிசை மாற்றலாம். சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவில் குழந்தைப்பேறு சிகிச்சைக்கு எடுக்க வாழ்நாள் வரம்பு 15,000 வெள்ளி. முதல் சுற்றுக்கு 6,000, இரண்டாவதற்கு 5,000, மூன்றாவதற்கு 4,000. ஒரு சுற்றை வீணாக்காமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

எலிக்கூடம் | 15 மார்ச், இரவு 8.20

"வாய்ப்பு மிகக் குறைவு" என்பதை முழு நீக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். ஓரெழுத்து மாற்றத்தில் புரதம் பாதி வேலை செய்தால், அங்கங்கே சில குழல்கள் தப்பிக்கலாம்.

செல்லறை | 15 மார்ச், இரவு 8.36

ஒப்புக்கொள்கிறேன். அறுவை வேண்டாம் என்று சொல்ல ஓரெழுத்து மாற்றம் மட்டும் காரணமாகக்கூடாது. மேலே "முழுதாக அழிக்கும் பிழை" என்று எழுதியது அதற்காகத்தான், இப்போது இன்னும் தெளிவு.

தெம்பனிஸ்_21 | 16 மார்ச், காலை 9.10

என் முதல் வாதத்தை விட்டுவிட்டேன். ஒரு கேள்வி மிச்சம்: தம்பி ஒருவருக்கு உறுதியானால், கல்யாணமாகாத அண்ணனும் சோதித்துக்கொள்ளவேண்டுமா?

செல்லறை | 16 மார்ச், காலை 9.55

அண்ணனுக்கு முதலில் மரபணு வேண்டாம், விந்துச் சோதனை. விந்தணு இயல்பாக இருந்தால் அவரிடம் அந்தப் பிழை இல்லை என்றே கொள்ளலாம். அதோடு, தம்பியிடம் கண்ட மாற்றம் உண்மையிலேயே காரணமா என்பதை உரசிப்பார்க்க, விந்தணு இயல்பான அண்ணனின் இரத்தம் பெரிய உதவி. அவருடைய சம்மதம் கேட்டு, தனியாக, அவர் பெயரிலேயே செய்யவேண்டும். அக்கா, தங்கை இருந்தால் அவர்கள் விரும்பும் நேரத்தில் மரபியல் ஆலோசனை. அம்மாவிடம் சொல்லும்போது, அவர் செய்த எதனாலும் இது வரவில்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.